கிள்ளானில் நான் குடிவைத்த பேய்

பேய் உண்டா இல்லையா என்று யாராவது இப்போது என்னிடம் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. முன்பெல்லாம் அந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருப்பேன். வந்ததும் உடனே பதில் சொல்லிவிட மாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "நீங்களே பாத்துட்டு சொல்லுங்க" என்பேன். அந்தப் பம்மாத்துக்கே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஆட்குறைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். தலைநகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது பதினோராம் மாடி வீடு. காலையிலிருந்து மாலை வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க என் மனைவிக்குப் பொறுமை இல்லை. அதே மாடியில் குடியிருந்த ஒரு பெண், பங்சாரில் ஏதோ ஆபீஸில் வேலை செய்பவள், லிப்டில் வைத்து ஒரு யோசனை சொன்னாள்.

"அங்கிள், தீபாவளிக்கு நீங்க சொன்ன பேய்க் கதைய எங்க ஆபீஸ்ல சொன்னேன், எல்லாம் அலறிட்டாங்க லா. பழைய டவுன்ல கதை சொல்லிட்டே நடக்கற மாதிரி ஒரு வாக் வைங்களேன். ஆளுங்கள நான் கூட்டிட்டு வரேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னேன். "பேய்க்கு வாக்கப்பட்டா புளிய மரம் ஏறித்தான ஆகணும். நடத்துங்க, நடத்துங்க," என்று சிரித்தாள். நான் வெளியே போனால் சரி என்பது அவள் கணக்கு.

பிரிக்பீல்ட்ஸிலேயே நடத்தியிருக்கலாம். ஆனால் அங்கே பழைய வீடுகள் பல போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. முப்பது மாடிக் கட்டடத்தில் பேய் எந்த மாடியில் இறங்கும்? உள்ளே போக அதற்கும் கார்டு வேண்டும். நான் பிறந்து வளர்ந்த கிள்ளானில்தான் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய வரிசைகள் இன்னும் நிற்கின்றன. எனவே சனிக்கிழமை தோறும் மாலை ஆறரைக்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்ப்பேன். எட்டு மணிக்குள் கதையெல்லாம் முடிந்து ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்திருப்போம்.

பழைய ஊர் ஏன் பேய் பிடித்தது போலத் தோன்றுகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை வைத்துத்தானே பிழைத்தேன். கீழே நகைக் கடையும் துணிக் கடையும் பளபளவென்று எரியும். தலையைத் தூக்கினால் மாடி இருட்டு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கும். சில மாடிகளில் மனிதர்களே இல்லை, சூப்புக்கு நல்ல விலை போகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள். குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை நாள் முழுக்க ஓடவிடுவார்கள். மற்ற சில மாடிகளில் ஆள் உண்டு. பிள்ளைகள் பூச்சோங், ஷா ஆலம் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பெற்றவர்கள் முழங்கால் வலியோடு படி இறங்காமல் இருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலோரமாக ஓர் உருவம் நகரும். அது யார் என்று கீழே போகிற நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் ஊரில் அரளக்கூட வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஆரம்பத்தில் நான் சொன்ன கதைகள் எல்லாம் பொதுச் சொத்து. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துத் தலையில்லாத சிப்பாய், எஸ்டேட்டிலிருந்து டவுன் வரைக்கும் வந்து திரும்புகிற முனி, வாழை மரத்தில் குடியிருக்கும் மலாய்க்காரர்களின் பெண் பேய் பொந்தியானாக். யாரும் கோபித்துக்கொள்ள முடியாத பேய்கள். ஆனால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. "எந்த வீடு அங்கிள்? கரெக்டா எந்த வீடு?" என்று நச்சரிப்பார்கள். பேய் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு முகவரியும் வேண்டும் அவர்களுக்கு.

அந்த முகவரி எனக்கு ஒரு மழையில் கிடைத்தது.

பாதை பார்த்து வைக்கலாம் என்று ஒரு பிற்பகல் தனியாகக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையில் ஒதுங்கினேன். சாரல் அங்கேயும் விரட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடை, அதை ஒட்டி மாடிக்குப் போகும் குறுகலான மரப் படிக்கட்டு. மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏன் தம்பி அங்க நின்னு நனையிறீங்க? மேல வந்து உக்காருங்க."

ஏறிப்போனேன். அறுபத்தைந்து வயதிருக்கும் அந்த அக்காவுக்கு. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து ஓய்ந்தவர் என்று அவரே சொன்னார். தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். சூடாகக் காப்பி கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவனை வீட்டுக்குள் விடுவதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

தெருவைப் பார்த்த ஜன்னலோரம் சின்ன மேசை. அதன்மேல் சட்டம் போட்ட ஒரு படம். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன், மஞ்சள் நிறக் கால்பந்துச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படமும் முன்னால் விளக்கும் என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்துப்போன மகன், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

படத்துக்கு மாலை இல்லை. நெற்றியில் பொட்டும் வைத்திருக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். கவனித்தேன். பூ வாங்கித்தர ஆள் இல்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். "யாருக்கா இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்கத்தைக் கிளறக் கூடாது என்கிற நாகரிகம் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். நாகரிகமாவது மண்ணாங்கட்டியாவது! கேட்டிருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும், அதுதான் விஷயம்.

திரும்பி வரும்போது ரயில் ஷா ஆலம் தாண்டுவதற்குள் கதை தயாராகிவிட்டது. பந்து விளையாடிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்த பையன் சாலையில் அடிபட்டுச் செத்துப்போனான். தான் செத்ததே அவனுக்குத் தெரியாது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதே மஞ்சள் சட்டையோடு படியேறி வருவான். ஏழாவது படியில் நின்றுவிடுவான். பெற்றவள் அவனுக்கு வழி தெரியட்டும் என்று ஜன்னலில் விளக்கு வைப்பாள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு நான் மெதுவாக மேலே கையைக் காட்டுவேன். இருட்டு மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சளாக வெளிச்சம் அசையும். யாராவது ஒரு பெண் "ஐயோ!" என்று பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடிப்பாள். எல்லாரும் போனை எடுப்பார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

அவர்கள் போனில் எடுத்ததும் நான் எடுத்துப் போட்ட வீடியோக்களும் ஊர் சுற்றப் போயின. இரண்டு மூன்று மாதத்தில் படிக்கட்டின் அடியில் நறுக்கிய எலுமிச்சம்பழம், கற்பூரம், பற்றவைத்த சிகரெட், ஸ்டவுட் பீர் பாட்டில் எல்லாம் வர ஆரம்பித்தன. நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் நம்மூரில் எதையும் விட மாட்டார்கள். கார் மோதிய மரத்திடம் போய் நம்பர் கேட்பார்கள், புதைத்த மண் காயாத குழியில் போய்க் கேட்பார்கள். அகாலத்தில் செத்தவன் நம்பர் கொடுப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. என் மஞ்சள் சட்டைப் பையனிடமும் கேட்க வந்துவிட்டார்கள். ஓர் இலையில் சோறும் கோழிக் குழம்பும் முட்டையும் போட்டுப் படையலே வைத்திருந்தார்கள் ஒரு நாள்.

அதைப் பார்த்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேலே ஏறி அந்த அக்காவிடம் போய் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், என்னோடு வந்தவர்களிடம் அந்த இலையைக் காட்டி, "பாத்தீங்களா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்றேன். வெட்கங்கெட்ட பயல்.

கொஞ்ச நாளில் யாருக்கோ நம்பர் அடித்துவிட்டது. அடித்தவன் நன்றிக் கடனாகப் புத்தம்புதிய மஞ்சள் பந்துச் சட்டை ஒன்றை வாங்கி, அந்த மாடிப்படியின் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

ஆடி மாதம் முடிந்து ஒரு சனிக்கிழமை போனபோது ஜன்னலில் விளக்கு இல்லை. அடுத்த வாரமும் இல்லை. கையைத் தூக்கிக் காட்டினால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அசடு வழிந்தது. மூன்றாவது வாரம் கொஞ்சம் முன்னதாகவே போய், கீழே தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து கடைக்காரரிடம் கேட்டேன்.

"என்ன பாஸ், மேல இப்பல்லாம் வெளக்கு எரியறதில்ல? நம்ம ஷோவே கெட்டுப்போச்சே."

அவர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை மேசையில் வைத்தார். அந்த மனிதர் என்னிடம் அதுவரை ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை.

"அண்ணே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்தப் பையன் செத்தான்னு யாரு ஒங்களுக்கு சொன்னது?"

"படத்துக்கு முன்னால வெளக்கு…"

"செத்ததுக்கு வெச்ச வெளக்கு இல்லண்ணே அது. பதினோரு வருஷத்துக்கு முன்ன வேலைய விட்டுட்டான்னு அம்மாவுக்கும் மகனுக்கும் சண்ட. போடா, இந்தப் படி ஏறாதன்னு அந்தம்மா கோவத்துல சொல்லிருச்சு. அவனும் போய்ட்டான். போலீஸ்ல சொல்லி, பேப்பர்ல போட்டு, ஒரு தகவலும் இல்ல. அவன் வர்றப்ப வீடு இருட்டா இருக்கக் கூடாதுன்னு வெளக்கு வெச்சுது. சொந்தக்காரங்க எல்லாம் அவன் செத்துருப்பான், காரியத்த முடிச்சுரு, படையலப் போட்டுருன்னு வருஷா வருஷம் சொன்னாங்க. மாலை வாங்கிட்டு வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புன மனுஷிண்ணே அது."

அவர் நிறுத்தவில்லை.

"பதினோரு வருஷமா படையல் போட மாட்டேன்னு இருந்தவங்க வாசல்ல கண்டவனும் வந்து படையல் வெச்சுட்டுப் போறான். காலைல காலைல அந்தம்மா தொடப்பத்த எடுத்துட்டு வந்து கூட்டித் தள்ளும். நானும் கூட்டியிருக்கேன். அப்புறம் ஒருத்தனுக்கு நம்பர் அடிச்சுது. அந்தம்மாவோட தம்பி வந்தாரு. இனிமே என்னக்கா சாட்சி வேணும், உசுரோட இருக்கறவன் எங்கயாச்சும் நம்பர் குடுப்பானான்னு கேட்டாரு. அதோட உடைஞ்சு போச்சு அது. ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டு வந்துட்டாங்க."

அன்று வந்த பன்னிரண்டு பேரையும் ரயில் நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்றேன்.

நான் போட்டிருந்த வீடியோக்களை அழித்தேன். மற்றவர்கள் போட்டதை என்னால் என்ன செய்ய முடியும்? லிப்டில் என்னைப் பிடித்த அந்தப் பெண்ணிடம் சொல்லி, எல்லாம் கட்டுக்கதை என்று ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். எடுத்துப் போட்டாள். அதன் கீழே நூறு பேர், "அங்கிள பேய் மிரட்டிருச்சு, அதான் மாத்திப் பேசறாரு" என்று எழுதினார்கள். இன்னும் இரண்டு பங்கு கூட்டம் படிக்கட்டுக்குப் போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திறந்துவிட்டவன் நான்தான். மனைவி மட்டும், "ஊருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். அந்த முறை அவள் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பயம். செருப்பால் அடித்தால்கூடப் பரவாயில்லை, அழுதுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். அக்காவே கதவைத் திறந்தார்.

"நீங்க அன்னிக்கு மழைக்கு வந்தவருதான? வாங்க தம்பி. நானே ஒங்கள எப்படிக் கூப்பிட்டு அனுப்பறதுன்னு தெரியாம இருந்தேன்."

உள்ளே மேசைமேல் அதே படம். இப்போது சந்தன மாலை போட்டிருந்தது. கண்ணாடியின் மேல், அவன் நெற்றி இருக்கிற இடத்தில், குங்குமப் பொட்டு. அவர் என் எதிரில் உட்கார்ந்து, ரொம்ப அடக்கமாக, டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டார்:

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொன்னாங்க. மோட்டார்ல வந்து அடிபட்டான்னீங்களாமே. எந்த ரோடு தம்பி? ரொம்ப நேரம் கெடந்தானா?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இந்தப் படத்தப் பாத்தேன், வெளக்கப் பாத்தேன். மத்ததெல்லாம் நானா சேத்துக்கிட்டது. மோட்டார், ரோடு, ஏழாவது படி, எல்லாமே பொய்."

"யாரும் சொல்லலயா?"

"யாரும் சொல்லலக்கா."

"அப்ப நம்பர்?"

"தினமும் எத்தனையோ பேரு எத்தனையோ எடத்துல கேக்கறாங்க. எவனோ ஒருத்தனுக்கு அடிக்கும்க்கா."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. பளிச்சென்று ஒரு சிரிப்பே வந்துவிட்டது. "அப்ப எம்புள்ள இருக்கலாம்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கண் படத்துக்குப் போனது.

"ஐயோ," என்றார். "உசுரோட இருக்கற புள்ளைக்கு எள்ளுத்தண்ணி இறைச்சுட்டேனே."

எழுந்து போய் மாலையைக் கழற்றினார். சட்டத்தின் ஆணியில் சிக்கிக்கொண்டது. நான் உதவக் கையை நீட்டினேன், தள்ளிவிட்டார். பிடித்து இழுத்ததில் மாலை அறுந்தது. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணாடியிலிருந்த பொட்டைத் துடைத்தார். அது சுலபமாகப் போகவில்லை. எச்சில் தொட்டு, சின்னப் பிள்ளை முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திட்டுங்கக்கா," என்றேன். "நாலு அடிகூட அடிங்க."

"திட்டி என்ன ஆவப்போவுது? நான் ஒரு தடவ திட்டித்தான் இப்படி ஆயிப்போச்சு."

படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் நிமிர்ந்தார்.

"ஊரே நம்பற மாதிரி செத்துட்டான்னு சொன்னீங்கல்ல? இருக்கான்னு சொல்லுங்க, கேப்போம்."

"அக்கா…"

"பொய்தான். எனக்குத் தெரியாதா? சொல்லுங்க."

பதினைந்து பேருக்கு முன்னால் கொட்டிய வாய், அன்றைக்கு ஒரு வாக்கியத்துக்குத் திணறியது.

"ஜொகூர் பக்கம் இருக்கான்க்கா," என்றேன்.

"என்ன வேலை?"

"லோரி ஓட்டறான்."

"சாப்பாடு?"

"கடையிலதான். நல்லாத்தான் சாப்பிடறான்."

"காரம் ஒத்துக்காதே அவனுக்கு."

"தெரியும்க்கா. கொழம்பு கம்மியாத்தான் ஊத்திக்கறான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கல்யாணம்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன்.

"ஆயிருச்சுக்கா. ஒரு பொண்ணு இருக்கு, மூணு வயசு."

அவர் முகம் சட்டென்று கறுத்துவிட்டது. "என்னக் கூப்பிடவே இல்ல பாருங்க," என்றார். "பெத்தவ ஒருத்தி உக்காந்திருக்காளேன்னு அவனுக்குத் தோணவே இல்ல பாருங்க."

நிஜமான கோபம் அது. படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, அவர் அழ ஆரம்பித்தார்.